மாத்திரையை மறைத்தால்தான் மகிமையா?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'மகிமை' என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. அறுப்பின் பண்டிகைக் காலம் என்பதாலோ என்னவோ தெரியவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பொருத்தம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். வாழ்த்தியவர்களிடமெல்லாம் "கர்த்தருக்கே மகிமை" என்றேன். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அக்கா, "சரி, சாமிக்கு மகிமை. புள்ள என்ன பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை.
ஒரு தாய், சாத்தான்குளம்

அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி.

பழைய ஏற்பாட்டில் 'மகிமை' என்று நாம் வாசிக்கிற இடங்களில் பெரும்பாலும் இருக்கிற எபிரெயச் சொல் 'கபோத்'. அதன் வேருக்குப் பாரம், எடை என்று பொருள். உடம்புக்குள் கனமான உறுப்பு என்பதால் ஈரலுக்குக்கூட அந்த மொழியில் அதே வேரிலிருந்துதான் பெயர். மற்ற மொழிக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு பக்கம் வேண்டும், நமக்கு வேண்டாம், ஏனென்றால் தமிழில் 'கனம்' என்றால் எடையும்தான், மரியாதையும்தான். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளையில் எபிரெயத்திலும் அதே வேர்தான் நிற்கிறது. ஆக, தேவனை மகிமைப்படுத்துவது என்றால் அவருக்குள்ள கனத்தை உள்ளபடி ஒத்துக்கொள்வது. நாம் சொல்லி அவருக்கு எடை கூடப்போவதில்லை. உங்கள் மகளின் உழைப்பைக் குறைத்துச் சொன்னால்தான் அவர் தட்டு தாழும் என்பதற்கு, அவர் தராசில் அவளுக்கு எதிர்த்தட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

அதனால் அடுத்த தடவை அந்த அக்காவிடம், "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சாக்கா, கணக்கு டீச்சரும் ரொம்பப் பாடுபட்டாங்க, இத்தனையும் கொடுத்தவருக்கு நன்றி சொல்றேன்" என்று சொல்லுங்கள். மூன்றும் உண்மை. மூன்றையும் சொல்லலாம். அப்புறம், வீட்டுக்குப் போனதும் மகளிடமும் ஒரு வார்த்தை தனியாகச் சொல்லுங்கள். அம்மா ஊருக்கெல்லாம் "நான் ஒன்றுமில்லை, அவள் ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டே வளர்கிற பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாது.

கேள்வி: எனக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. ஆஸ்பத்திரியில் உடைத்து எடுத்தார்கள், மாத்திரையும் சாப்பிட்டேன், சுகமாகிவிட்டது. சபையில் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் ஒருவர் வந்து, "ஆஸ்பத்திரி விஷயத்தை விட்டுருங்க பிரதர், ஜெபத்துல கல் கரைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க, அப்பதான் தேவனுக்கு மகிமை" என்றார். அப்படியே சொல்லிவிட்டேன். அல்லேலூயா சத்தம் கூரையைத் தொட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.
பெயர் வேண்டாம், மதுரை

தூக்கம் வராதது நல்லதுதான் பிரதர். உங்களுக்கு அந்தச் சாட்சியைச் சொல்லிக் கொடுத்தவர் நன்றாகத் தூங்குகிறார் என்றால் கவலைப்பட வேண்டியது அவரைப் பற்றி.

வேதத்தில் ஒரு மனிதனைப் பார்த்து, தேவனை மகிமைப்படுத்து என்று நேருக்கு நேராகச் சொல்கிற இடங்களை எடுத்துப் பாருங்கள். யோசுவா 7-ம் அதிகாரம். எரிகோவின் கொள்ளையில் ஒரு பாபிலோனிய சால்வையையும், 200 சேக்கல் வெள்ளியையும், 50 சேக்கல் எடையுள்ள பொன்பாளத்தையும் ஆகான் எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறான். சீட்டு அவன்மேல் விழுந்ததும் யோசுவா சொல்வது, "மகனே, நீ இப்பொழுது இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தரை மகிமைப்படுத்தி... நீ செய்ததை எனக்குச் சொல்லு, அதை எனக்கு ஒளிக்காதே" என்று. இங்கே மகிமைப்படுத்து என்றால் பாட்டுப் பாடு என்று அர்த்தமில்லை, கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்குவது போல, உண்மையைச் சொல் என்று அர்த்தம்.

இதே பேச்சு யோவான் 9-ம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. பிறவிக் குருடன் பார்வை பெற்றுவிட்டான், பரிசேயர் அவனை இரண்டாம் தரம் கூப்பிட்டு, "நீ தேவனை மகிமைப்படுத்து; இந்த மனுஷன் பாவியென்று நாங்கள் அறிந்திருக்கிறோம்" என்கிறார்கள். அதாவது, என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டு, அதற்கு மகிமை என்று பெயர் வைக்கிறார்கள். உங்களுக்கு நடந்ததும் இதேதான், இல்லையா? அந்த மனிதனின் பதிலைக் கவனியுங்கள். அவர் பாவியா என்று எனக்குத் தெரியாது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." கண்மேல் சேறு பூசப்பட்டதையும், சீலோவாம் குளத்தில் போய்க் கழுவினதையும் அவன் மறைக்கவில்லை, முதலில் கேட்டபோதே வரிசையாகச் சொல்லியிருந்தான்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தவர் கர்த்தர். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அத்திப்பழத்து அடையைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறது. அத்திப்பழத்தை எழுதினால் அற்புதத்தின் மவுசு குறையும் என்று எழுதினவர் நினைக்கவில்லை. பவுலோடு கூட அலைந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே பவுல் எழுதுகிறார், தொழிலை மறைக்கவில்லை.

யோபு தன் சிநேகிதர்களிடம், "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடு பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" என்று கேட்பார். அவர்கள் கடவுளின் பெயரைக் காப்பாற்றத்தான் அத்தனை அதிகாரம் பேசினார்கள், கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான்.

நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். வாலிப வயதில் ஒரு முகாமில், லாரி விபத்திலிருந்து தப்பின என் சாட்சியைச் சொன்னேன். முதல் தடவை இருபது அடி தள்ளி நின்ற லாரி, மூன்றாவது கூட்டத்தில் என் சட்டையை உரசிக்கொண்டு போனது! யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, ஆமென் சத்தம் கூடக் கூட லாரி தானாகப் பக்கத்தில் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த சாட்சி நேரத்தில் எழுந்து, "போன தடவை ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், கல்லை உடைத்தது டாக்டர், மாத்திரையும் சாப்பிட்டேன், பயந்து கிடந்த ராத்திரிகளில் கர்த்தர் கூட இருந்தார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு நிமிஷம் போதும். தள்ளிப்போடாதீர்கள். உங்கள் சாட்சியைக் கேட்டு, வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்ட யாராவது ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

கேள்வி: 'மகிமை' சரியா, 'மாட்சி' சரியா? என் சம்பந்தி வீட்டார் கத்தோலிக்கர். ஜெபத்தில் அவர்கள் ஒன்று சொல்ல நாங்கள் ஒன்று சொல்கிறோம்.
வாசகர், தூத்துக்குடி

இரண்டும் சரி. மகிமை வடமொழி வழி வந்தது, பழைய மொழிபெயர்ப்பில் ஊறிப்போனது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மாட்சியை எடுத்துக்கொண்டது. வள்ளுவர் 39-வது அதிகாரத்துக்கே 'இறைமாட்சி' என்றுதான் பெயர், அங்கே இறை என்றால் அரசன். சாப்பாட்டு ஜெபத்தில் சம்பந்தி வாயிலிருந்து மாட்சி வந்தால் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், பிரியாணி ஆறிவிடும்.

கேள்வி: எங்கள் கோயிலைப் புதுப்பிக்கிறோம். நன்கொடை கொடுத்தவர்கள் மின்விசிறியிலும் பெஞ்சிலும் பளிங்குக் கல்லிலும் பேர் போடச் சொல்கிறார்கள். கல்லில் முதல் வரி "தேவனுடைய மகிமைக்கென்று", அடுத்த ஆறு வரியும் அவர்கள் குடும்பம். கமிட்டியில் சண்டை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று நான் சொன்னால், "உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது" என்று அவர்கள் வசனம் எடுக்கிறார்கள்.
கமிட்டி உறுப்பினர், நாகர்கோவில்

சின்ன வயதில் பிரசங்கம் நீண்டால் நான் செய்த ஒரே காரியம், தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியின் இறக்கையில் யார் பேர் இருக்கிறது என்று வாசிக்கப் பார்ப்பதுதான். சுற்றும்போது வாசிக்க முடியாது, கரண்டு போனால்தான் தெரியும். காற்றும் இல்லாமல், வியர்த்து ஒழுக, அப்போதுதான் அந்த ஞாபகார்த்தம் கண்ணில் படும்.

வசனச் சண்டையைப் பார்ப்போம். இரண்டும் ஒரே மலைப்பிரசங்கத்தில், ஒரு அதிகார இடைவெளியில் ஒருவரே சொன்னவை. மத்தேயு 5:16-ல் நற்கிரியையைப் பார்க்கிற ஜனங்கள் மகிமைப்படுத்துவது பரலோகத்திலிருக்கிற பிதாவை. 6-ம் அதிகாரத்தில் தெருவில் தாரை ஊதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்து ஜனங்கள் புகழ்வது கொடுத்தவரை. ஆகவே கமிட்டி கேட்க வேண்டியது, இந்தக் கல்லை வாசித்து முடிக்கிறவன் யாரை நினைத்துக்கொண்டு வெளியே போவான் என்பதைத்தான். ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பதில் கல்லிலேயே இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, டோனாவூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1901-ல் அங்கே வந்து குடியிருந்து, ஆதரவற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1951-ல் இறந்தபோது, தன் கல்லறைமேல் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள், அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, பட்டம் இல்லை.

இறந்துபோன அம்மா ஞாபகமாக ஒரு பெஞ்சு கொடுப்பவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அது வேறு. துக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். கமிட்டிக்கு என் யோசனை: பேர்களையெல்லாம் தேதியோடு தொகையோடு ஒரு நன்கொடைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள், யார் கேட்டாலும் காட்டுங்கள், சுவரைச் சும்மா விடுங்கள். பேர் இல்லாவிட்டால் பணம் இல்லை என்கிறவரிடம் மரியாதையாக, "சரிங்க ஐயா, வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஒரு விசிறி குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: காணிக்கைக்குக் கணக்குக் கேட்டேன். "கணக்குக் கேட்பது தேவ மகிமையைத் திருடுகிற ஆவி" என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்.
வாசகர், வேலூர்

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சபைகளில் பணம் சேர்த்தபோது, அந்தப் பணம் கர்த்தருக்கு மகிமையாகத்தான் கொண்டுபோகப்படுகிறது என்று எழுதினார். அதே மூச்சில், சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்புகிறோம், இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" என்றார். 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரம். பவுலுக்கே இரண்டாவது ஆள் தேவைப்பட்டது.

ஏலி ஆசாரியன் கதையையும் வாசியுங்கள். காணிக்கையில் நல்லதையெல்லாம் தின்று கொழுத்த வீடு அது, "நீ என்னைப்பார்க்கிலும் உன் குமாரரை மதிப்பானேன்" என்று கர்த்தர் கேட்கிறார். மதிப்பது என்பதற்கு அங்கேயும் அதே கனம் வேர்தான். ஏலி கழுத்து முறிந்து செத்தபோது அவன் உடம்பு பாரமாயிருந்தது என்று சொல்கிற இடத்திலும் அதே வேர். எபிரெயத்தில் எழுதினவருக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம்.

மறுபடியும் கேளுங்கள், இந்தத் தடவை எழுத்தில், இன்னும் நாலு பேர் கையெழுத்தோடு.

கேள்வி: வயது 22. கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். பாட்டு முடிந்ததும் கைதட்டினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு பெரியவர், "ஏரோது புழுபுழுத்துச் செத்தான், ஜாக்கிரதை" என்றார். கல்யாண ஆராதனைக்குப் பணம் வாங்குவதும் தப்பு என்கிறார்.
தம்பி ஒருவர், திருநெல்வேலி

பெரியவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம் தம்பி. ஆனால் ஏரோது ராஜா கைதட்டு வாங்கினதற்காகச் சாகவில்லை. "இது மனுஷசத்தமல்ல, இது தேவசத்தம்" என்று ஜனங்கள் கத்தினபோது அது பொய் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தான். லீஸ்திராவில் பவுலையும் பர்னபாவையும் இதே போல தேவர்களாக்கி மாலையோடு எருதுகளைக் கொண்டுவந்தபோது, அவர்கள் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி, நாங்களும் உங்களைப் போன்ற மனுஷர்தானே என்று கத்தினார்கள். உங்களைப் பார்த்து யாரும் தேவசத்தம் என்று சொல்லவில்லையே? நன்றாக வாசித்தாய் என்றால், "தேங்க்ஸ் அண்ணே" என்று சொல்லுங்கள். "நான் ஒண்ணுமே இல்லண்ணே, எல்லாம் அவர்தான்" என்று நெளிந்தால், எதிரே நிற்பவர் இன்னும் இரண்டு வார்த்தை புகழ வேண்டியதாகிவிடும், கவனித்திருக்கிறீர்களா?

பணத்துக்கு ஒரு கதை. ஜெர்மனியில் பாக் என்ற இசைமேதை 1723-லிருந்து சாகும்வரை லைப்சிக் நகரத்தில் ஆலய இசைக்குப் பொறுப்பாக இருந்தார். பாட்டு எழுதி முடித்ததும் கடைசியில் பல கையெழுத்துப் பிரதிகளில் மூன்று லத்தீன் எழுத்துகளைப் போடுவார், தேவனுக்கே மகிமை என்பதன் சுருக்கம். அதே மனிதர் 1730-ல் தன் பழைய நண்பருக்கு எழுதின கடிதத்தில், நல்ல காற்று வீசினால் சாவு குறைகிறது, போன வருஷம் மட்டும் அடக்க ஆராதனை வருமானத்தில் 100 தாலருக்கு மேல் எனக்கு நஷ்டம் என்று புலம்பியிருக்கிறார். வீடு நிறையப் பிள்ளைகள், என்ன செய்வார். எனக்கு அந்தக் கடிதத்தால் அவர்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. நீங்கள் கல்யாணத்துக்குக் கூலி வாங்குங்கள், முன்னாடியே தொகையைச் சொல்லிவிடுங்கள், "உங்களால முடிஞ்சத கொடுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் மனசுக்குள் திட்டாதீர்கள். ஒன்று மட்டும்: பாடுகிற சபையின் குரல் கேட்காத அளவுக்கு ஒலியைக் கூட்டிவைக்காதீர்கள். இது பொதுவான வேண்டுகோள்.

கேள்வி: எந்நேரமும் துதி கேட்கிற கடவுள், கட்அவுட் கேட்கிற தலைவரைப் போலத்தானே?
கல்லூரி மாணவி, கோவை

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. சங்கீதம் 50-ல் கடவுளே பலிகளைப் பற்றிப் பேசும்போது, "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்கிறார். தீனிக்கு அலைகிறவர் பேச்சு இது இல்லை.

அதைவிட எனக்கு உதவியது யோவான் 12. "மனுஷகுமாரன் மகிமைப்படும்படியான வேளை வந்தது" என்று இயேசு சொன்னதும் அடுத்து என்ன வரும்? ஊர்வலமா, கிரீடமா? நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி வருகிறது. யோவான் சுவிசேஷத்தில் மகிமையின் வேளை என்றால் சிலுவையின் வேளை. எந்தத் தலைவராவது தன் கட்அவுட்டுக்கு அப்படி ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பாரா?

இரண்டாம் நூற்றாண்டில் லியோனில் ஆயராக இருந்த இரேனியு, உயிரோடு வாழும் மனிதனே கடவுளின் மகிமை என்று எழுதினார். பிரசங்கங்களில் அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த பாதி, மனிதனின் வாழ்வோ கடவுளைக் காண்பது. நீங்கள் நன்றாக வாழ்வதில் அவர் மகிமை இருக்கிறது என்றால், அதைக் கேட்பவரைச் சுயநலக்காரர் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். திருப்தி இல்லாவிட்டால் மறுபடி எழுதுங்கள் தங்கச்சி, நானும் யோசிக்கிறேன்.

கேள்வி: பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவார். வாங்கலாமா? "புசித்தாலும் குடித்தாலும் தேவனுடைய மகிமைக்கென்று" என்ற வசனத்தைக் காட்டி மாமியார் வேண்டாம் என்கிறார்.
இல்லத்தரசி, சென்னை

உங்கள் மாமியார் சரியான அதிகாரத்தைத்தான் திறந்திருக்கிறார், ஆனால் 31-ம் வசனத்திலேயே நின்றுவிட்டார். 1 கொரிந்தியர் 10-ல் பேச்சே இதுதான். கொரிந்துவில் கடைத்தெருவில் விற்ற இறைச்சியில் கோயிலில் படைத்ததும் கலந்திருக்கும். பவுல் சொல்வது, கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, துருவித் துருவி விசாரிக்காதே. ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, முன்னால் வைப்பதைச் சாப்பிடு. "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. அதற்கப்புறம்தான் "எதைச் செய்தாலும்" வருகிறது. அடுத்த வசனம் யூதருக்கும் கிரேக்கருக்கும் சபைக்கும் இடறலாயிராதேயுங்கள் என்கிறது. ஆக அந்த இடத்தில் தேவ மகிமை என்பது சாப்பாட்டை விட எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றியது.

என் கருத்து: இரண்டு கையாலும் வாங்குங்கள். படைத்தது என்று அவரே சொன்னால், "நாங்க படைச்சது சாப்பிடறதில்லக்கா, அடுத்த தடவை முன்னாடியே கொஞ்சம் எடுத்து வச்சிருங்க" என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் அவர்களே, "படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பவுலை வாசிக்காமலே அந்த அக்காமார் செய்கிற காரியம் இது. மாமியாரின் மனச்சாட்சியும் மனச்சாட்சிதான், அவரைச் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அப்புறம் அந்தத் தூக்கை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், வீட்டில் முறுக்கு இருந்தால் இரண்டு போட்டுக் கொடுங்கள்.